மகிழ்ச்சியில் முதலிடம்

மனித குலம் குகையை விட்டுப் புறப்பட்டு, மண், கல், செங்கல், இரும்பு என்று ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் கண்ணாடிதான் என்று மோகென்ஸ் திறப்பு விழாவில் அறிவித்தார். அவர் டென்மார்க்கிலிருந்து வந்த கட்டடக் கலைஞர். பல்கேரியாவிலுள்ள ருசே நகரின் பெரிய தெருவில் 'பெருன்' கம்பெனிக்காக எழுந்த மூன்று மாடிக் கண்ணாடிக் கடை அவருடைய படைப்பு. நகராட்சிப் பெரியவர்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே உள்ளே வர முயன்ற ஒரு பேருந்து ஓட்டுநர், கதவு எது சுவர் எது என்று தெரியாமல், மனித குலம் வந்து சேர வேண்டிய இடத்தில் மூக்கை மோதிக்கொண்டார். ரத்தம் வந்தது.

அன்றிலிருந்து வெலிச்காவின் நாள் மூக்குகளோடுதான் தொடங்கியது. கடை திறக்கும் முன், வினிகர் கலந்த தண்ணீர் வாளியும் பழைய செய்தித்தாளுமாக வெளியே நின்று, முந்தின நாள் மோதியவர்களின் தடங்களைத் துடைப்பாள். மூக்குத் தடம் சின்னதாக, கொழகொழவென்று இருக்கும். ஒரே தேய்ப்பில் போய்விடும். நெற்றித் தடம் அகலமானது, பவுடரும் வியர்வையும் சேர்ந்து அப்பியிருக்கும், இரண்டு தாள் கேட்கும். டான்யூப் ஆற்றின் மேலிருந்து காற்று வந்து ஈரக் கைகளைச் சுண்ட வைக்கும். துடைப்பது அவள் வேலை இல்லை. அவள் விற்பனைக்காரி. ஆனால் துடைக்க ஆள் போடவில்லை. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் ரகக் கண்ணாடி என்று சொல்லி, அதற்கும் சேர்த்துத்தான் கம்பெனி விலை கொடுத்திருந்தது.

"அக்கா, இன்னிக்கு எத்தன மூக்கு?" என்று கேட்டுக்கொண்டே தில்யான் உள்ளே போவான். கடையிலேயே வயது குறைந்த விற்பனைக்காரன். காதில் வளையம், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது.

"ஒன் மூக்கு ஒண்ணுதான் பாக்கி. வந்து வையி, சேத்துத் தொடச்சிடறேன்."

பெருன் போன், சலவை இயந்திரம், தொலைக்காட்சி, வெந்நீர்க் கெட்டில் என்று மின்சாரத்தில் ஓடும் சகலத்தையும் விற்கிற கம்பெனி. முன்பு அதன் கடை ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் தாழ்ந்த கூரையோடு இருந்தது. இயந்திரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும். தடித்த பேனாவால் அட்டையில் விலை எழுதியிருக்கும். வெலிச்கா தன் தலை நரைக்கத் தொடங்கியதை அந்தக் கடையின் தொலைக்காட்சித் திரைகளில்தான் முதலில் பார்த்தாள். பிறகு ஒரு வெளிநாட்டு நிறுவனம் பெருனை வாங்கியது. வாங்கியதும் முதல் வேலையாக விலை அட்டைகளை எடுத்தார்கள். விலையைப் பார்த்தவுடன் மனிதன் கனவு காண்பதை விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறான் என்று மோகென்ஸ் விளக்கினார். அடுத்து நாற்காலிகளை எடுத்தார்கள். உட்கார்ந்தவனும் கனவு காண்பதில்லை. அவன் நேரடியாகத் தூங்கிவிடுகிறானாம்.

புதிய கடையில் ஒவ்வொரு பொருளும் ஒரு வெள்ளைக் கல்மேடையில் தனியாக இருந்தது. அதைச் சுற்றி ஒரு குடும்பம் குடியிருக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். வருகிறவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள், குரலைத் தாழ்த்தினார்கள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்கள். பிறகு வெளியே போய், சந்தைப் பக்கம் இருந்த ஏதாவது ஒரு சாதாரணக் கடையில் வாங்கிக்கொண்டார்கள்.

கூரையில் எலுமிச்சம்பழ அளவில் கறுப்பு உருண்டைகள் தொங்கின. அவற்றுக்குக் 'கண்' என்று பெயர். விற்பவர் பேசும்போது எதிரே நிற்பவரின் முகத்தையும் தலையையும் அது பார்க்கும். பார்த்து, அந்த ஆள் மகிழ்ச்சியாக இருக்கிறாரா இல்லையா என்று முடிவு செய்யும். காலையில் எல்லாரும் கல்மேடை ஒன்றைச் சுற்றி நிற்க, மேனேஜர் அஸ்பாரு முந்தின நாளின் மகிழ்ச்சியைப் படித்துக் காட்டுவார்.

அஸ்பாரு வெலிச்காவை விட இளையவர். நாட்டை நிறுவிய பழைய அரசனின் பெயரை அவருக்கு அவருடைய அப்பா வைத்திருந்தார். அந்தப் பெயருக்கு ஏற்ப நடக்க அவர் பாடுபட்டார். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து ஐரோப்பிய முறையில் தலையாட்டப் பழகியிருந்தார். அதாவது, சரி என்பதற்கு மேலும் கீழும். ருசேயில் பிறந்து வளர்ந்த மற்ற எல்லாரும் சரி என்றால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். இல்லை என்றால் முகவாயை மேலே வெட்டி, நாக்கால் ஒரு 'ச்சு' கொட்டுவார்கள். அஸ்பாரு வீட்டிலும் ஐரோப்பிய முறையையே கடைப்பிடித்தார். இன்னும் கொஞ்சம் பயற்றஞ்சாறு ஊற்றட்டுமா என்று மனைவி கேட்டபோது கம்பீரமாக மேலும் கீழும் ஆட்டினார். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கூப்பிட்டுத் திருத்துவது கௌரவமாகப் படவில்லை. அவர் பாதிப் பசியோடு எழுந்தார்.

"நேத்து நம்ம கடையோட மகிழ்ச்சி தொண்ணூத்தொண்ணு," என்று அன்று அவர் படித்தார். "நாட்டிலேயே நாமதான் முதல். தில்யான் தொண்ணூத்தேழு. கை தட்டுங்க."

தட்டினார்கள்.

"வெலிச்கா, பதினாலு."

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பதினாலுன்னா என்ன சார் அர்த்தம்?" என்றாள் வெலிச்கா. "நேத்து நான் மூணு சலவ மெஷின் வித்திருக்கேன். தில்யான் ஒரு சார்ஜர் வித்தான்."

"வித்தது வேற, மகிழ்ச்சி வேற." அஸ்பாரு கையிலிருந்த பலகைத் திரையைப் பார்த்தார். "இன்னொரு சமாச்சாரம். மகிழ்ச்சி இருக்கு, ஆனா வியாபாரம் மேல இருக்கறவங்க நெனச்ச அளவு இல்ல. மூணு மாசம் முடியறப்போ இந்தக் கடையில ஒருத்தரக் கொறைக்கணுமாம். யாருன்னு நான் சொல்லப் போறதில்ல. கண்ணு சொல்லும்."

எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு, மிக மெதுவாக, வெலிச்காவைப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது கணவன் கெனாதி சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவன். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தபின் அவன் உலகம் கட்டிலுக்கும் அந்த ஜன்னலுக்கும் இடையில் சுருங்கிவிட்டது. அவன் எழுந்திருக்க வேண்டுமானால் ஒருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். காலையில் வெலிச்கா தூக்குவாள். மதியம் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் வந்து தூக்குவான். பதிலுக்கு ஒரு குவளை ராக்கியாச் சாராயம் குடிப்பான்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். கெனாதி ஜன்னலிலிருந்து திரும்பினான்.

"வேல போச்சுன்னா தையல் ஃபேக்டரியில எடுப்பானா?"

"என் வயசுக்கா? கண்ணு தெரியலன்னு மொத வாரமே அனுப்பிடுவான்."

"அப்ப இத்தாலிதான்."

அவனுடைய தங்கை போலோனாவில் ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, சோறூட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் பாதிப் பெண்கள் அப்படித்தான் போயிருந்தார்கள். வெலிச்காவுக்கும் அங்கே ஒரு கிழவர் தயாராக இருப்பதாகத் தங்கை இரண்டு தடவை போனில் சொல்லிவிட்டாள்.

"அங்க போயி ஊரான் வீட்டுக் கிழவனத் தூக்கி நிறுத்துவேன். இங்க ஒன்ன யாரு தூக்குவா?"

"பாரந்தூக்கி ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கறேன். எனக்கு ஓட்டத் தெரியும்," என்றான் கெனாதி. சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சில நாள் கழித்து மார்த்தென் கிராமத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் கண்ணாடிச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே கதவைக் கண்டுபிடித்து உள்ளே வந்தார். சலவை இயந்திரத்தின் முன்னால் வந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள்.

"ஏம்மா, இதத் தொடலாமா? இல்ல, மெழுகுவத்தி ஏத்தணுமா?"

"தொடுங்கய்யா. கதவத் தெறந்து உள்ள கையவிட்டுப் பாருங்க."

"வெல எங்கம்மா எழுதியிருக்கு?"

"எழுத மாட்டாங்க. நான் காதுல சொல்றேன்." சொன்னாள்.

அந்த அம்மாளுக்குக் கால் வீங்கியிருந்தது. வெலிச்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியை இழுத்துப் போட்டு, அதன்மேல் அவளை உட்கார வைத்தாள். பிறகு தானும் குந்தி உட்கார்ந்து, கம்பளிப் போர்வைக்கு எந்தச் சக்கரத்தைத் திருப்புவது, பேரப்பிள்ளை விஷமம் செய்தால் எந்தப் பொத்தானைப் பூட்டுவது என்று பேசினாள். இது பழைய இயந்திரம் மாதிரி அடுப்படி முழுக்க நடந்து திரியாது என்று சொன்னபோது, அந்த அம்மாளின் தலை ஆடத் தொடங்கியது. இடமும் வலமுமாக, நிதானமாக, உள்ளூரத் திருப்தியோடு ஆடியது. கணவரின் தலையும் சேர்ந்து ஆடியது. இருவரும் அப்படியே ஆடிக்கொண்டே பணம் கட்டி, இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"வெலிச்கா, இங்க கொஞ்சம் வா," என்று காவல்காரர் ஸான்கோ கூப்பிட்டார். படிக்கட்டுக்கு அடியில் ஒரு திரையின் முன்னால் நாள் முழுக்க நிற்பது அவர் வேலை. அவருக்கும் நாற்காலி இல்லை. "இப்பப் போனாங்களே, அவங்க ரெண்டு பேரும் எனக்கு என்ன நெறத்துல தெரிஞ்சாங்கன்னு பாரு."

அவர் ஓட்டிக் காட்டிய பதிவில் அந்தத் தம்பதி மறுபடியும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். தலை பக்கவாட்டில் போகும் ஒவ்வொரு தடவையும் அவர்களைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் எரிந்தது. கட்டத்தின் கீழே 'மறுப்பு' என்ற எழுத்து ஓடியது.

"இப்ப மேல் மாடியப் பாரு. தில்யான்."

மேலே ஒரு கல்லூரி மாணவியிடம் தில்யான் பேசிக்கொண்டிருந்தான். போனுக்கு உறை வேண்டுமா என்று கேட்டிருப்பான். அவள் முகவாயை மேலே வெட்டி ஒரு 'ச்சு'. காப்பீடு? மறுபடி ஒரு 'ச்சு'. போனாவது? இன்னும் பலமாக ஒரு வெட்டு. அவளைச் சுற்றிப் பச்சைக் கட்டம் பூத்துக் குலுங்கியது. 'உடன்பாடு', 'உடன்பாடு', 'பெருமகிழ்ச்சி'. பெருமகிழ்ச்சியோடு அவள் வெறுங்கையுடன் வெளியேறினாள்.

ஸான்கோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, திரையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

"அட பாவி, இந்தக் குருட்டுக் கண்ணுக்கு நம்ம ஊர்த் தலையே புரியல! வேணாம்னா சந்தோஷங்கறான், வேணும்னா சண்டைங்கறான்!"

"சிரிக்காதீங்கண்ணே," என்றாள் வெலிச்கா. "என் வேல போயிடும்."

அஸ்பாருவின் அறையும் கண்ணாடிதான். உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாலும் கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சொல்லச் சொல்ல அவர் மேசை மேலிருந்த கல்லுருண்டையை இங்கும் அங்கும் நகர்த்தினார்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?" என்றார் கடைசியில். "மொத வாரமே தெரியும்."

வெலிச்கா நின்றபடியே இருந்தாள்.

"அதுல ஒரு சுவிட்ச் இருக்கு. பல்கேரியாவுக்குன்னே வச்சிருக்கான். போட்டா எல்லாம் தலகீழா மாறிடும். மோகென்ஸ் என்கிட்ட நேரா கேட்டாரு. 'உங்க நாட்டுல தலையாட்டறது மாறியிருக்குமாமே, போடட்டுமா?'ன்னு. நான் என்ன சொல்றது? பக்கத்துல மேயர் நிக்கறாரு. இந்த ஊர எல்லாரும் குட்டி வியன்னாங்கறான். வியன்னாக்காரன் கட்டின தியேட்டர் வச்சிருக்கோம். நாங்க இன்னும் எருமை மாதிரிதான் தலையாட்டுவோம், சுவிட்சப் போடுங்கன்னா சொல்ல முடியும்?"

"அதனால?"

"'அதெல்லாம் பட்டிக்காட்டுப் பழக்கம், ருசே ஐரோப்பிய நகரம், தேவையில்ல'ன்னு சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்."

"இப்பப் போட்டுடுங்க சார். ஒரு சுவிட்ச்தானே."

"போட்டா? தொண்ணூத்தொண்ணு ராத்திரியோட ராத்திரியா ஒம்பதாயிடும். ஏன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்? இவ்வளவு நாளா வேணாம் வேணாம்னு போனவங்களத்தான் மகிழ்ச்சின்னு எண்ணிக்கிட்டிருந்தோம்னா? இந்தக் கட்டடத்த ஏதோ ஐரோப்பிய விருதுக்கு வேற அனுப்பியிருக்காங்க. மகிழ்ச்சிக் கணக்கையும் சேர்த்து."

"அப்ப நான்?"

அவர் கல்லுருண்டையை நிறுத்தினார். குரல் மிருதுவானது. "வெலிச்கா, நீங்க அனுபவசாலி. வர்றவங்ககிட்ட நயமாச் சொல்லுங்க. தலைய மேலயும் கீழயும் ஆட்டச் சொல்லுங்க. ரெண்டு வாரத்துல பழகிடுவாங்க. எனக்கே ரெண்டு வாரந்தான் ஆச்சு."

அவள் முயன்றாள். ஸ்பெயினிலிருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேச ஒரு போன் வேண்டும் என்று ஓய்வு பெற்ற கப்பல் மெக்கானிக் ஒருவர் வந்தார். பெரிய எழுத்து, உரத்த மணி, எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது.

"அப்ப இதையே எடுத்துக்கறீங்களாய்யா?"

தலை இடவலமாக ஆடியது. சட்டைப் பையில் கை போனது.

"ஐயா, ஒரு சின்ன உதவி. ஆமான்னு சொல்றப்போ தலைய இப்படி, மேலயும் கீழயும் ஆட்டுங்களேன்."

"ஏன்?"

"சும்மாதான்யா. கம்பெனி வழக்கம்."

"வாயால வேணுங்கறேன். தலையால வேணாங்கணுமா?"

"ஒரே ஒரு தடவ."

"அப்படிச் செஞ்சா நான் வாங்கினதா கணக்கா, வாங்கலன்னு கணக்கா?"

"வாங்கினதாத்தான்."

"அப்ப இப்படி ஆட்டினா?" அவர் வழக்கமான முறையில் ஆட்டிக் காட்டினார்.

"அதுவும் வாங்கினதுதான். ஆனா... மேல ஒண்ணு தொங்குது பாருங்க, அதுக்காக."

கிழவர் கூரையைப் பார்த்தார். கறுப்பு உருண்டை அவரைப் பார்த்தது. அவர் கை சட்டைப் பையிலிருந்து மெதுவாக வெளியே வந்தது, வெறுமையாக.

"ஏம்மா, என்னப் படம் புடிக்கறீங்களா? எதுக்கு? எந்தக் கடன் பத்திரத்துல ஒட்டப் போறீங்க? என் மச்சான் இப்படித்தான் டெலிபோன்ல ஒரு ஆமா சொல்லிட்டு, கேக்காத கம்பளிக்குக் கடன் கட்டிக்கிட்டிருக்கான்!" கதவருகே நின்று திரும்பினார். இனி செத்தாலும் இந்தப் பக்கம் வர மாட்டேன் என்று முகவாயை மூன்று தடவை மேலே வெட்டினார்.

அன்று வெலிச்காவின் பேரில் விழுந்த முதல் பெருமகிழ்ச்சி அது.

அடுத்து வந்த வாரங்களில் அவளுடைய மகிழ்ச்சி பதினாலிலிருந்து முப்பதுக்கு ஏறியது. விற்பனை அந்த அளவுக்கு இறங்கியது. சிலர் அவள் மனம் நோகாமல் இருக்கட்டும் என்று தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, தங்கள் தலையே தங்களுக்குச் சொன்ன பதிலைக் கேட்டுத் தயங்கி, யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார்கள். ஒரு கட்டத்தில் அவளுக்கே கழுத்து குழம்பியது. கெனாதி எழுந்திருக்கட்டுமா என்று கேட்டதற்கு அவள் எப்படியோ ஆட்ட, அவன் தூக்கிவிடக் காத்துக் கையை நீட்டியபடியே இருந்தான். அதன்பிறகு யாரையும் எதுவும் ஆட்டச் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். பெட்டிகளை இழுத்துப் போட்டாள், வீங்கிய கால்களை உட்கார வைத்தாள், காதில் விலை சொன்னாள். விற்பனை திரும்ப வந்தது. சிவப்பும் வந்தது.

மூன்றாம் மாதக் கடைசியில் மோகென்ஸும், கடையை வாங்கிய நிறுவனத்திலிருந்து மார்லூஸ் என்ற ஹாலந்துப் பெண்மணியும் வந்தார்கள். கட்டடத்துக்கு விருது கிடைத்துவிட்டது. அதற்கான வெண்கலப் பலகையைப் பதிக்க இடம் தேடி மோகென்ஸ் வாசலுக்கும் மாடிக்கும் நடந்துகொண்டிருந்தார். சுவரெல்லாம் கண்ணாடி என்பதால் ஆணி அடிக்க இடம் இல்லை. மார்லூஸ் கண்ணாடி அறையில் உட்கார்ந்தாள். அவள் மட்டும் உட்கார ஸான்கோ எங்கிருந்தோ ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார்.

பல்கேரிய மொழி அவளுக்குத் தெரியாது. அஸ்பாரு மொழிபெயர்த்தார்.

"கட்டடம் தன் வேலைய முழுசாச் செஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க. மகிழ்ச்சியில முதலிடம், விற்பனையில கடைசி இடம். அதாவது, ஜனங்க வர்றாங்க, சந்தோஷப்படறாங்க, ஆனா வாங்கல. கொற கட்டடத்துல இல்ல. ஊழியர்கள்கிட்டதான்."

வெலிச்கா கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். நகக்கண்ணில் வினிகர் எரிந்தது.

"உங்க கணக்கு மட்டும் வேற மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. உங்ககிட்டதான் நெறைய விக்குது. ஆனா வாங்கறவங்க எல்லாரும் மறுத்துக்கிட்டே வாங்கறாங்க. கடைசி வரைக்கும், பணம் கட்டறப்பக்கூட." அஸ்பாரு ஒரு தடவை எச்சில் விழுங்கினார். "நீங்க ஜனங்களக் கட்டாயப்படுத்தி விக்கறதா நெனைக்கறாங்க. வயசானவங்கள, கிராமத்துக்காரங்கள. பெட்டி மேல உட்கார வச்சு, எழுந்திருக்க விடாம."

"நானா?"

"வீடியோ இருக்காம்."

 அந்த மார்த்தென் அம்மாளின் வீங்கிய கால்கள் வெலிச்காவின் கண்ணில் வந்தன.

"சார், சுவிட்சப் பத்திச் சொல்லுங்க."

அஸ்பாரு மேசை மேலிருந்த கல்லுருண்டையை நகர்த்தினார். மார்லூஸ் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். நேரான கேள்வி. அஸ்பாருவுக்கு அதை மொழிபெயர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"கருவி தப்பாக் காட்டுதுன்னு சொல்றீங்களான்னு கேக்கறாங்க."

குரல் வரவில்லை. வெலிச்கா தலையை ஆட்டினாள். காதுத் தோடு கன்னத்தில் அடிக்கும்படி, இடமும் வலமுமாக, உடம்பில் இருந்த பலமெல்லாம் கொண்டு ஆட்டினாள்.

மார்லூஸின் முகம் தெளிந்தது. அவள் சொன்னது ஒரு சின்ன வார்த்தை. அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. இல்லை என்கிறாளா, நல்லது.

அஸ்பாருவின் வாய் திறந்தது. ஒரு கணம் திறந்தே இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் நாலு பேர் வெண்கலப் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது அங்கிருந்து தெரிந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு, மிகக் கச்சிதமான ஐரோப்பிய முறையில், மேலும் கீழும் தலையாட்டினார்.

"சார்!" என்றாள் வெலிச்கா. இப்போது குரல் வந்துவிட்டது. "நான் ஆமான்னேன். ஆமான்னு சொன்னேன் சார். சொல்லுங்க அவங்களுக்கு!"

அவர் மார்லூஸிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று வெலிச்காவுக்குத் தெரியாது. ஆனால் மார்லூஸ் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்துப் பரிதாபமாகத் தடவிக் கொடுத்ததிலிருந்து, அது சுவிட்சைப் பற்றியது இல்லை என்று தெரிந்தது.

பன்னிரண்டு மணியோடு அவள் வேலை முடிந்தது. தில்யானைப் பயிற்சியாளனாக உயர்த்தியிருந்தார்கள். நாட்டிலுள்ள மற்றக் கடைகளுக்கெல்லாம் போய் மகிழ்ச்சியைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவன் வந்து அவள் முன்னால் நின்றான். "அக்கா, எனக்கு வெக்கமா இருக்கு," என்றான்.

"எதுக்குடா? நீ யாரையும் கட்டாயப்படுத்தல. ஒரு ஆளையாவது வாங்க வச்சியா?"

அவன் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, கடைக்குள் போடும் செருப்பையும் குவளையையும் ஒரு பையில் போட்டாள். போலோனாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் பேருந்து போகிறது. கெனாதியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

வாசலில் மோகென்ஸ் அஸ்பாருவின் காதருகே குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். உயரமான, அழகாக நரைத்த மனிதர். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றார். அஸ்பாருவின் காது சிவந்தது. அவர் நாலு பக்கமும் பார்த்தார்.

"வெலிச்கா, இவர எதிர்க் கடைக்குக் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்க. சீக்கிரம்."

"நான்தான் இப்ப வேலையில இல்லையே சார்."

"தெரியும். மத்தவங்க எல்லாம் வேலையில இருக்காங்க."

அவள் அந்த மனிதரைப் பார்த்தாள். அவர் நெற்றியில் வியர்த்திருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பின்னால் வரும்படி கையைக் காட்டினாள். இருவரும் தெருவைக் கடந்தார்கள். சுவிட்சைப் பற்றிச் சொன்னால் இந்த ஊரில் உடனே புரிந்துகொள்ளக்கூடிய ஒரே அந்நியர் அவர்தான். அவளுக்கு அவர் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. அவர் நடந்துகொண்டே திரும்பித் தன் கட்டடத்தைக் காட்டி, அழகாக இருக்கிறதல்லவா என்பதுபோல் ஏதோ கேட்டார். அவள் முகவாயை மேலே வெட்டினாள். அவர் சந்தோஷப்பட்டார்.

எதிரே நெத்யால்கா என்பவள் பாலாடைக்கட்டி வைத்த பானித்சா சுட்டு விற்கும் கடை. பின்கட்டில் ஒரு குறுகிய கதவு. கடையில் எதுவும் வாங்காதவர்கள் அந்தக் கதவுக்குள் போக ஒரு நாணயம் போட வேண்டும். நெத்யால்கா தட்டை நீட்டினாள். மோகென்ஸ் கோட்டின் எல்லாப் பைகளையும் தடவிவிட்டு ஒரு வங்கி அட்டையை எடுத்து நீட்டினார்.

"இது எதுக்கு ஆகும்? தொடைக்கவா?" என்றாள் நெத்யால்கா. "வெலிச்கா, யாரு இந்தத் தொர?"

"நம்ம கடையக் கட்டினவரு."

"அப்படியா? அப்ப ரெண்டு மடங்கு வாங்கணும். ஒங்க ஒம்பது பேரும் மூணு மாசமா என் கதவத் தேச்சதுக்கு."

வெலிச்கா தன் பர்ஸிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டில் போட்டாள். மோகென்ஸ் நன்றியோடு குனிந்துவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

வரைபடத்தில் அவர் கழிப்பறை போட்டுத்தான் இருந்தார். கண்ணாடி வழியே இறங்கிய வெயிலில் 'கண்'ணின் கம்ப்யூட்டர்கள் சூடாகி நின்றுபோனதால், கட்டடத்தில் செங்கல் சுவர் உள்ள ஒரே அறை அதுதான் என்று, திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் அவற்றை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.